புதிய உயர்நிலைப்பள்ளியா, பழைய பள்ளியா? 13 புள்ளி பெற்ற மகளுக்காக ஒரு தாய் கேட்ட கேள்விக்குப் பதில்

சகோதரி, நீங்கள் எழுதியதை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் மொத்தம் 13 புள்ளி பெற்றிருக்கிறாள்; இந்த முறையில் புள்ளி குறையக் குறைய நல்லது. தமிழில் அடைவுநிலை 2, அதாவது எட்டு நிலைகளில் இரண்டாவது சிறந்த நிலை. சிங்கப்பூரின் பொங்கோலில் உள்ள உங்கள் புளோக்கிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் போய்விடக்கூடிய தூரத்தில் ஒரு புதிய அரசாங்க உயர்நிலைப்பள்ளி இருக்கிறது. திறந்து மூன்று ஆண்டுகளே ஆவதால், அங்கிருந்து இன்னும் ஓர் ஆண்டு மாணவர் அணிகூட இறுதித் தேர்வு எழுதி வெளியே வரவில்லை. வடகிழக்கு ரயில் பாதையில் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல்வரை நாற்பது நிமிடம் பிடிக்கும் இடத்தில் ஒரு பழைய அரசாங்கப் பள்ளி இருக்கிறது. உங்கள் நாத்தனார் பிள்ளைகள் இருவரும் அங்கே படித்தவர்கள். மூன்றாவதாக, மகள் படித்த தொடக்கப்பள்ளியோடு இணைப்புள்ள, அரசாங்க உதவிபெறும் பெண்கள் பள்ளி. ஆனால் அந்தத் தொடக்கப்பள்ளியில் இருந்த ஆறு ஆண்டே போதும் என்கிறாள் அவள். “பெயர் தெரியாத பள்ளியில் நம் பிள்ளையை வைத்தா சோதித்துப் பார்ப்பது?” என்பது உங்கள் கணவரின் கேள்வி. “பக்கத்திலேயே அரசாங்கப் பள்ளி இருக்கும்போது ஏன் அலையவிட வேண்டும்?” என்பது உங்கள் கேள்வி. தெரிவுகளைப் பதிவுசெய்யச் சில நாள்களே உள்ளன.

நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உயர்நிலைப்பள்ளிகளில் தமிழ் கற்பித்தவன். அதில் நான்கு ஆண்டுகள் ஒரு பள்ளி திறந்த முதல் நாளிலிருந்து அங்கே இருந்தேன். ஆகவே புதிய பள்ளியின் நன்மையும் குறையும் எனக்குக் கேள்விப்பட்ட செய்தி அல்ல. உங்கள் கணவரின் அச்சத்திலும் நியாயம் இருக்கிறது, உங்கள் எண்ணத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இருவரும் சரியான இடத்தில் கவலைப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

‘புதிய பள்ளி’ என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். சிங்கப்பூரில் பேட்டைக்குப் புதிதாக வரும் பள்ளி எல்லாமே புதிதாகப் பிறந்த பள்ளி அல்ல. புக்கிட் பாத்தோக்கில் இருந்த யூசோஃப் இஷாக் உயர்நிலைப்பள்ளி 2021ல் பொங்கோலுக்கு இடம் மாறியது. பொங்கோல்வாசிகளுக்கு அது புதிய பள்ளி, ஆனால் அதன் பெயருக்கும் மரபுக்கும் பல பத்தாண்டு வயது. இரண்டு பள்ளிகள் இணைந்து ஒரே பள்ளியாவதும் உண்டு. 2019ல் எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காக இணைக்கப்பட்டபோது அதைப் பெரிய அளவில் பார்த்தோம். உண்மையிலேயே ஒன்றுமில்லாததிலிருந்து தொடங்கியவையும் இருக்கின்றன. யுனோயா தொடக்கக் கல்லூரி 2017ல் மவுண்ட் சினாயில் ஒரு தற்காலிக வளாகத்தில் தொடங்கி, பிறகுதான் சின் மிங் பகுதியில் தன் சொந்தக் கட்டடத்துக்குச் சென்றது. உங்கள் பேட்டைப் பள்ளி இந்தக் கடைசி வகை. அதற்கு முன்னாள் மாணவர் சங்கம் இல்லை, கோப்பை அலமாரி இல்லை, “எங்கள் காலத்தில்” என்று சொல்ல ஒருவரும் இல்லை. இவை இல்லாமையால் உங்கள் மகள் எதை இழப்பாள், எதை இழக்கமாட்டாள் என்று பார்ப்போம்.

பாடத்திட்டத்தை அவள் இழக்கமாட்டாள். எல்லா அரசாங்கப் பள்ளிக்கும் அது ஒன்றுதான். எழுதப்போகும் தேர்வும் ஒன்றுதான்: 2027 முதல் சாதாரண நிலை, வழக்கநிலைத் தேர்வுகளுக்குப் பதிலாக வரும் சிங்கப்பூர்-கேம்பிரிட்ஜ் உயர்நிலைக் கல்விச் சான்றிதழ்த் தேர்வு. ஆசிரியர்களையும் அவள் இழக்கமாட்டாள். இங்கேதான் பெற்றோர் பலர் தவறாக நினைக்கிறார்கள். புதிய பள்ளி என்றால் புதிய ஆசிரியர்கள் என்று பொருளில்லை. அரசாங்கப் பள்ளிகளில் ஆசிரியர்களும் முதல்வர்களும் கல்வி அமைச்சின் ஊழியர்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முதல்வர்கள் பள்ளி மாறுவது இங்கே வழக்கம். உங்கள் நாத்தனார் பிள்ளைகளைப் படிக்கவைத்த முதல்வர் இன்று வேறொரு பள்ளியில் இருக்கலாம். நான் பணியாற்றிய புதிய பள்ளியில் முதல் ஆண்டில் நாங்கள் சேர்ந்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் பத்தாண்டு அனுபவம் கடந்தவர்கள். புதிய இடம் என்றதும் தாமாகக் கேட்டு வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

கட்டணமும் வேறுபடாது. அரசாங்கப் பள்ளியிலும் அரசாங்க உதவிபெறும் பள்ளியிலும் குடிமக்கள் செலுத்தும் மாதக் கட்டணம் 5 வெள்ளி. அதற்கு மேல் சிறிய அளவில் இதரக் கட்டணம். இதைப் பற்றி மேலும் யோசிக்கத் தேவையில்லை.

உங்கள் கணவர் சொன்ன இன்னொன்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். “புதிய பள்ளியில் எல்லா நிலைப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் கலந்து உட்காரவைக்கிறார்களாம்” என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். அது புதிய பள்ளியின் ஏற்பாடு அல்ல. 2024ல் உயர்நிலை 1 சேர்ந்த மாணவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகளே இல்லை. முழுமையான பாட அடிப்படையிலான வகைப்பாடு நாடு முழுவதும் நடப்புக்கு வந்துவிட்டது. மாணவர்கள் மூன்று சேர்க்கைக் குழுக்களில் பள்ளிக்குள் வருகிறார்கள். 4 முதல் 20 வரை மொத்தப் புள்ளி பெற்றவர்கள் பிஜி3 என்று எல்லாரும் சொல்லும் மூன்றாம் குழு. உங்கள் மகள் அதில் வசதியாகவே இருக்கிறாள். உடற்கல்வி, கலை, இசை, வடிவமைப்பும் தொழில்நுட்பமும், உணவுக் கல்வி, குணநலன் கல்வி போன்றவற்றை எல்லாக் குழுவினரும் கலந்த வகுப்பில் படிக்கிறார்கள். அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரம். ஆங்கிலம், கணிதம், அறிவியல், தாய்மொழி ஆகியவற்றுக்கு ஜி1, ஜி2, ஜி3 என்று அவரவர் தரத்துக்கேற்பப் பிரிந்து செல்கிறார்கள். மூன்று குழுவையும் சேர்க்கும் எல்லாப் பள்ளிகளிலும், நீங்கள் நினைக்கும் அந்தப் பழைய பள்ளி உட்பட, இதுதான் நடக்கிறது. இதைப் புதிய பள்ளிக்கு எதிரான காரணமாக எண்ணவேண்டாம்.

இனி, உண்மையிலேயே இழக்கக்கூடியவை. முதலாவது, உயர்நிலை 3ல் தொடங்கும் பாடத் தெரிவு. ஒரு பள்ளியில் இலக்கியம், வரலாறு, தனி உயிரியல், கூடுதல் கணிதம் போன்ற பாடங்களை எத்தனைச் சேர்க்கைகளில் வழங்க முடியும் என்பதை மாணவர் எண்ணிக்கையும் ஆசிரியர் எண்ணிக்கையும் முடிவுசெய்கின்றன. புதிய பள்ளி சிறியது. என் கண்முன் நடந்ததைச் சொல்கிறேன். நான் இருந்த பள்ளியின் முதல் அணியில் ஒரு பையன் ஆங்கில இலக்கியத்தில் மிக ஈடுபாடு உள்ளவன்; உயர்நிலை 2 முடிவில் விருப்பம் கேட்டபோது முழு இலக்கியப் பாடத்துக்கு நான்கே பேர் பெயர் கொடுத்தார்கள். நான்கு பேருக்காக ஒரு வகுப்பு திறக்க முடியவில்லை. அவன் புவியியல் எடுத்தான், நன்றாகவே தேர்ச்சி பெற்றான். ஆனால் அந்த விருப்பத் தாளைத் திருப்பித் தந்த நாளில் அவன் முகம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. இரண்டாம் அணிக்கு இலக்கிய வகுப்பு திறந்தார்கள். முதல் அணி கொடுக்கும் விலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: யாரும் தவறு செய்யாமலே ஒரு பிள்ளைக்கு ஒன்று கிடைக்காமல் போகும்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை இந்த இடர் ஓரளவு குறைந்திருக்கிறது. அவளுக்கு முன்னே மூன்று அணிகள் இருக்கின்றன. பள்ளி உயர்நிலை 3க்கு எந்தெந்தப் பாடச் சேர்க்கைகளை வழங்கியது என்பது இப்போது கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி. இன்னொன்றும் உண்டு. 2028 சேர்க்கையிலிருந்து தொடக்கக் கல்லூரிக்கு ஆறு பாடங்களுக்குப் பதில் ஐந்து பாடங்களின் மொத்தத்தையே கணக்கில் எடுக்கிறார்கள். ஆகவே பாடப் பட்டியல் நீளமாக இருக்க வேண்டும் என்ற நெருக்கடி முன்புபோல் இல்லை. பட்டியலில் அவளுக்குத் தேவையானது இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அவளுக்கு அறிவியலில் ஆர்வம் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே தனி வேதியியலும் தனி உயிரியலும் கூடுதல் கணிதமும் சேர்ந்து எடுக்க வழி இருக்கிறதா, இந்த ஆண்டு எத்தனை பேர் எடுத்தார்கள் என்று கேளுங்கள். “ஆலோசித்து வருகிறோம்” என்ற பதில் வந்தால் அதை ‘இல்லை’ என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, தமிழ். மன்னிக்கவும், இதைப் பற்றிச் சற்று நீளமாகத்தான் எழுதுவேன். பெற்றோர் கேட்காமலே விட்டுவிடுகிற கேள்வி இது.

நம் இந்தியச் சமூகம் இந்நாட்டின் குடியிருப்பாளர்களில் ஏறத்தாழ 9 விழுக்காடு. இந்தியப் பிள்ளைகளில் இந்தி, பஞ்சாபி, வங்காளம், குஜராத்தி, உருது என வேறு மொழி படிப்பவர்களும் உண்டு. ஆகவே இருநூறு பேர் சேரும் ஒரு நிலையில் தமிழ் எடுப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தால் அதிகம். நான் இருந்த புதிய பள்ளியில் முதல் ஆண்டு ஒன்பது பேர். இரண்டாம் மாடிக்கு மேலே எல்லா வகுப்பறையும் பூட்டியே கிடந்தது. எங்களுக்குக் கொடுத்தது நூலகத்துக்குப் பக்கத்தில் சுவர்ச்சாயம் வாடை இன்னும் போகாத ஒரு சிறிய அறை. நூலகத்தில் தமிழுக்கென்று ஒதுக்கிய தட்டில் நான் வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்த புத்தகங்களைத் தவிர முதல் பருவம் முடியும்வரை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த ஒன்பது பேரும் வாரத்தில் ஒவ்வொரு தமிழ்ப் பாடவேளையிலும் பேசியே ஆகவேண்டும். ஒளிந்துகொள்ளப் பின்வரிசை கிடையாது. வாய்மொழித் தேர்வுக்கு நான் அவர்களைத் தனித்தனியாகத் தயார்செய்ததுபோல், பின்னாளில் முப்பது பேர் உள்ள வகுப்பில் என்னால் செய்ய முடிந்ததில்லை. சிறிய தமிழ் வகுப்பு இழப்பா வரமா என்று கேட்டால், அதை நடத்தும் ஆசிரியர் பள்ளியிலேயே இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது என்பேன். ஒரே தமிழாசிரியர் நான்கு நிலைகளையும் சுமந்துகொண்டிருக்கும் பள்ளியும் உண்டு. அவர் பேறுகால விடுப்பிலோ பயிற்சியிலோ போகும்போது அங்கே என்ன நடக்கும் என்று கேளுங்கள். முகம் சுளிக்கமாட்டார்கள், கேட்கத் தகுந்த கேள்விதான்.

உங்கள் மகளுக்கு இதில் கூடுதல் அக்கறை தேவை. தமிழில் அடைவுநிலை 2 பெற்ற பிள்ளை உயர்தமிழ் படிக்கத் தகுதி பெற்றவள். அந்த வாய்ப்பை விடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஆனால் எல்லாப் பள்ளியிலும் உயர்தமிழ் வகுப்பு நடப்பதில்லை. எண்ணிக்கை போதாத பள்ளிகளின் மாணவர்கள் பள்ளி முடிந்த பிறகு பீட்டி ரோட்டில் உள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குச் சென்று படிக்கிறார்கள். அந்நிலையத்தில் நானும் சில ஆண்டுகள் வகுப்பெடுத்திருக்கிறேன். வெவ்வேறு பள்ளிச் சீருடையில் பிள்ளைகள் ஒரே அறையில் உட்கார்ந்து தமிழில் வாதிடுவதைப் பார்க்கும்போது, தன் பள்ளியில் ‘தமிழ் படிக்கிற இரண்டு பேரில் ஒருத்தி’யாக இருந்த பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது புரியும். உங்களுக்குப் பயண வசதியும் இருக்கிறது: பொங்கோல் நிலையத்திலிருந்து ஃபேரர் பார்க் வரை ரயில் மாறவே வேண்டாம், ஒன்பது நிலையம்; அங்கிருந்து நடைதூரம். ஆனால் கணக்கைப் பாருங்கள். பத்து நிமிடம் நடந்து போகிற பள்ளியில் படித்துவிட்டு, பிற்பகலில் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்வருகிற பிள்ளைக்கு அது தாங்கும். காலையில் நாற்பது நிமிடம் போய், பள்ளி முடிந்து இன்னோர் இடம் போய், இருட்டிய பிறகு வீடு சேருகிற பிள்ளை உயர்நிலை 2ல் “அம்மா, உயர்தமிழை விட்டுவிடட்டுமா?” என்று கேட்பாள். அப்படிக் கேட்ட பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தமிழ் பிடிக்காமல் கேட்டவர்கள் குறைவு. களைப்பில் கேட்டவர்கள்தான் அதிகம். பழைய பள்ளியிலேயே உயர்தமிழ் வகுப்பு நடக்கிறது என்றால் நிலைமை மாறும். இரண்டு பள்ளியையும் இதே கேள்வியோடு அழையுங்கள்.

பக்கத்து வீட்டார் செங்காங்கில் உள்ள நான் சியாவ் உயர்நிலைப்பள்ளியையும் பார்க்கச் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அது 1979ல் தொடங்கிய சிறப்பு உதவித் திட்டத்தின்கீழ் வரும் பள்ளிகளில் ஒன்று. அப்பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் சீனம். தமிழ் படிக்கும் பிள்ளைக்கு அது தெரிவே அல்ல.

மூன்றாவது, இணைப்பாட நடவடிக்கை. புதிய பள்ளியில் இந்திய நடனக் குழு இல்லை, பழைய பள்ளியில் இருக்கிறது. மகள் ஆறு வயதிலிருந்து பரதம் கற்கிறாள் என்பதால் உங்களுக்கு மனம் ஊசலாடுகிறது. நியாயமே. பள்ளிக் குழுவில் சேர்ந்து சிங்கப்பூர் இளையர் விழாவில் மேடையேறுவது வேறு, சனிக்கிழமை குருவிடம் கற்பது வேறு. ஆயினும் அவளுடைய நடனம் பள்ளியை நம்பி இல்லை. சனிக்கிழமை வகுப்பு தொடரத்தான் போகிறது. பள்ளியில் அவள் வேறொன்றைக் கற்றுக்கொள்ளலாம். புதிய பள்ளிகளில் நான் கண்ட ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய பள்ளியில் உயர்நிலை 1 மாணவி கடைசி வரிசையில் நின்று மூத்தவர்களைப் பார்ப்பாள். புதிய பள்ளியில் அவளுக்கு முன்னே வரிசை குறைவு. என்னுடைய அந்த ஒன்பது பேரில் ஒரு பெண், முதல் மாதம் முழுவதும் என் கேள்விக்குத் தலையசைப்பாலேயே பதில் சொன்னவள். தமிழ்மொழி மன்றம் தொடங்க ஆள் வேண்டும் என்றபோது வேறு யாரும் இல்லாததால் அவளைத் தலைவி ஆக்கினோம். முதல் கூட்டத்துக்கு நிகழ்ச்சிநிரலைப் பள்ளிக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி, மூன்று முறை அழித்துத் திருத்திக் கொண்டுவந்து காட்டினாள். ‘வரவேற்புரை’ என்பதற்கு எதிரே தன் பெயரை மட்டும் எழுதாமல் விட்டிருந்தாள். நான் எழுதினேன். உயர்நிலை 4ல் தமிழ்மொழி மாத நிகழ்ச்சியில் பள்ளி முழுவதும் உட்கார்ந்திருக்க, தாளைப் பார்க்காமல் பேசினாள். எண்ணூறு பேர் படிக்கும் பழைய பள்ளியில் அவள் கடைசிவரை தலையசைத்துக்கொண்டே இருந்திருப்பாள் என்று நான் நம்புகிறேன். உங்கள் மகள் கூச்ச சுபாவம் உள்ளவள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்ததும் எனக்கு இந்தப் பெண்தான் நினைவுக்கு வந்தாள்.

இதற்கு மாறான நிலையும் உண்டு, அதையும் மறைக்கக்கூடாது. பூப்பந்தில் தேசிய அளவுக்கு ஆடும் பிள்ளைக்கோ, பள்ளி வாத்தியக் குழுவே உயிர் என்றிருக்கும் பிள்ளைக்கோ நான் புதிய பள்ளியைச் சொல்லமாட்டேன். பயிற்றுநர், கருவிகள், ஈடுகொடுக்கும் சக ஆட்டக்காரர்கள் ஆகியவை ஓரிரண்டு ஆண்டில் உருவாவதில்லை.

இனிப் பெயரைப் பற்றி. ‘பெயர் தெரியாத பள்ளி’ என்ற சொல்லில் உங்கள் கணவரின் தலைமுறைக்குரிய நினைவு இருக்கிறது. 1992 முதல் பள்ளிகளைத் தேர்வு முடிவுப்படி வரிசைப்படுத்தி வெளியிட்டார்கள். நாமெல்லாம் அந்தப் பட்டியலை நாளிதழில் விரல் வைத்துத் தேடியவர்கள். 2004ல் அதற்குப் பதிலாக, ஒத்த முடிவுள்ள பள்ளிகளைக் குழுக்களாகத் தொகுத்தார்கள். 2012ல் அதையும் கைவிட்டார்கள். பட்டியல் போனாலும் பழக்கம் போகவில்லை. இப்போது பெற்றோர் பார்ப்பது, ஒவ்வொரு பள்ளியிலும் சென்ற ஆண்டு சேர்ந்தவர்களின் புள்ளி எல்லை. அந்த எல்லை, எத்தனை பேர் அந்தப் பள்ளியை விரும்பினார்கள் என்பதைக் காட்டுகிறது. உள்ளே கற்பித்தல் எப்படி என்பதைக் காட்டுவதில்லை. புதிய பள்ளியை மக்கள் தயங்கித் தெரிவுசெய்வதால் அதன் எல்லை தளர்வாக இருக்கிறது, எல்லை தளர்வாக இருப்பதைப் பார்த்து இன்னும் தயங்குகிறார்கள். அந்தச் சுழலில் பள்ளியின் தரத்தை யாரும் அளந்திருக்கவில்லை.

ஆனால் தெரிவுகளை வரிசைப்படுத்தும்போது அந்த எல்லை நமக்குத் தேவைப்படுகிறது. நீங்கள் கொடுத்த எண்கள்: பழைய பள்ளியில் சென்ற ஆண்டு பிஜி3 சேர்க்கை 8 முதல் 13 வரை, புதிய பள்ளியில் 11 முதல் 17 வரை. இடம் ஒதுக்குவது முதலில் புள்ளியின்படி. புள்ளி சமமாகிக் கடைசி இடத்துக்குப் போட்டி வந்தால் குடியுரிமை, அதன் பிறகு தெரிவு வரிசை, அதுவும் சமமென்றால் கணினிக் குலுக்கல். 2021ல் வந்த இந்த முறையில் மொத்தப் புள்ளி 4 முதல் 32 வரை, ஆக 29 வகைதான். பழைய முறையைவிடப் பல மடங்கு அதிகமான பிள்ளைகள் ஒரே புள்ளியில் நிற்கிறார்கள். எல்லையோரத்தில் நிற்பவர்களுக்கு அதனால் வரிசை முக்கியமாகிவிட்டது. உங்கள் மகளின் 13 பழைய பள்ளியின் விளிம்பில் நிற்கிறது. அதை இரண்டாவதாக எழுதினால், முதலாவதாக எழுதிய இன்னொரு 13 அவளை முந்திவிடும். புதிய பள்ளியைப் பொறுத்தவரை 13 எல்லைக்குள் தாராளமாக இருக்கிறது. எல்லை ஆண்டுக்கு ஆண்டு ஆடினாலும் நான்கு புள்ளி இடைவெளி நல்ல இடைவெளி.

இதன் பொருள் என்ன? பழைய பள்ளியை முதலாவதாக எழுதி, இடம் கிடைக்காமல் போனாலும், புதிய பள்ளி இரண்டாவதாகக் கைகொடுக்கும் வாய்ப்பு மிக அதிகம். ஆகவே தந்திரத்துக்காக எதையும் முன்பின்னாக மாற்றி எழுத வேண்டிய நிலையில் நீங்கள் இல்லை. எந்தப் பள்ளியில் அவள் படிக்க வேண்டும் என்று உண்மையில் விரும்புகிறீர்களோ அதை முதலில் எழுதலாம், பயந்து எழுதவேண்டியதில்லை. இணைப்புள்ள பெண்கள் பள்ளியைப் பற்றி ஒரே ஒரு விவரம்: இணைப்புக்காகத் தரும் சேர்க்கைச் சலுகை, அதை முதல் தெரிவாக எழுதினால் மட்டுமே செல்லும். “ஒரு பாதுகாப்புக்காக மூன்றாவதாக எழுதிவைப்போம்” என்று நினைத்தால், சலுகை இல்லாமல் மற்றவர்களோடு சமமாகத்தான் போட்டியிடுவாள். அவளுக்கும் விருப்பமில்லை என்பதால் அதை மேலே வைக்கக் காரணமில்லை.

என் முடிவைக் கேட்டிருக்கிறீர்கள், தயங்காமல் சொல்கிறேன். நான் உங்கள் இடத்தில் இருந்தால் புதிய பள்ளியையே முதலில் எழுதுவேன். காரணம் அதன் புதுமையும் அல்ல, கட்டடமும் அல்ல. நாற்பது நிமிடத்துக்கும் பத்து நிமிடத்துக்கும் உள்ள வேறுபாடு, போக வர, ஐந்து நாளுக்குக் கணக்கிட்டால் வாரத்துக்கு ஐந்து மணி நேரம். பள்ளி ஆண்டுக்கு நாற்பது வாரம்; ஆக ஆண்டுக்கு 200 மணி, நான்கு ஆண்டுக்கு 800 மணி. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தூக்கம், உயர்தமிழ், பரதம், பாட்டியோடு உட்கார்ந்து சாப்பிடும் இரவு உணவு. அதோடு, அவளைப் போன்ற கூச்ச சுபாவமுள்ள பிள்ளைக்குச் சிறிய பள்ளி ஏற்படுத்தித் தரும் இடம். இந்த இரண்டும் சேர்ந்து, தெரியாத பெயர் என்ற குறையைவிட எனக்குக் கனமாகப் படுகின்றன.

ஆனால் இந்த முடிவு இரண்டு பதில்களைச் சார்ந்திருக்கிறது. அறிவியல் பாடச் சேர்க்கை உயர்நிலை 3ல் உறுதியாக உண்டா என்பது ஒன்று. தமிழாசிரியர் பள்ளியிலேயே முழுநேரமாக இருக்கிறாரா, உயர்தமிழ் எங்கே எந்த நாள்களில் நடக்கிறது என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு ‘இல்லை’ என்று பதில் வந்தால், பழைய பள்ளியை முதலிலும் புதியதை இரண்டாவதாகவும் மாற்றி எழுதுங்கள். பயணக் களைப்பைச் சமாளிக்கலாம், இல்லாத பாடத்தை வரவழைக்க முடியாது. இரண்டாம் கேள்விக்கு, உயர்தமிழ் உமறுப் புலவர் நிலையத்தில்தான் என்று பதில் வந்தால் வரிசையை மாற்ற வேண்டாம். பயணத்தை மட்டும் திட்டமிடுங்கள். ஆறு தெரிவுகளையும் நிரப்புங்கள். கடைசி இரண்டில் எல்லை 16க்கு மேல் உள்ள, வீட்டுக்கு அருகிலிருக்கும் பள்ளிகளை வையுங்கள். காலியாக விடுவதால் எந்தப் பயனும் இல்லை.

உங்கள் கணவரிடம் ஒரு வேண்டுகோள். நாளை காலை ஆறேகால் மணிக்கு மகளை அழைத்துக்கொண்டு, அவள் பள்ளிப்பை முதுகில் இருக்க, பழைய பள்ளி வாசல்வரை ரயிலில் ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். விடுமுறைக் காலத்தில் கூட்டம் குறைவாகத்தான் இருக்கும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும். மறுநாள் மாலை மூவருமாகப் புதிய பள்ளிக்கு நடந்து போங்கள். வாசலில் நின்று மகள் என்ன சொல்கிறாள் என்று கேளுங்கள், அவள் பேசி முடிக்கும்வரை நீங்கள் இருவரும் ஒன்றும் சொல்லாதீர்கள். திங்கட்கிழமை காலை பள்ளி அலுவலகம் திறந்ததும் அழைத்து, தாய்மொழித் துறைத் தலைவரோடு பேச வேண்டும் என்று சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்பதை எனக்கு எழுதுங்கள். படிவத்தை அனுப்புவதற்கு முன் இன்னொரு முறை பார்த்துத் தருகிறேன்.